புதுச்சேரி ஏன் துண்டு துண்டாக இருக்கு? ஆனந்தரங்கப் பிள்ளையின் வாழ்க்கை சொல்லும் பதில்!

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். மரக்காணம் தாண்டி கனகசெட்டிக்குளம் வந்ததும் புதுச்சேரி எல்லை தொடங்கிவிடும். காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். சரி, ஊர் வந்தாச்சு என்று பையை எடுத்தால், பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் என்று மறுபடியும் தமிழ்நாடு. அதைத் தாண்டினால்தான் புதுச்சேரி நகரம்.

விழுப்புரம் ரோட்டிலும் இதே கதைதான். வில்லியனூர் புதுச்சேரி. அடுத்து வரும் கண்டமங்கலம் தமிழ்நாடு. அதற்கடுத்த திருபுவனை, மதகடிப்பட்டு மறுபடியும் புதுச்சேரி. போர்டு மாறும், பெட்ரோல் விலை மாறும், மதுக்கடை மாறும். ஊர் மட்டும் ஒரே மாதிரி இருக்கும்.

இப்படி ஒரு எல்லையை யார் போட்டது? ஏன் போட்டார்கள்?

இந்தக் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி ஒரு மனிதரின் ஆயுள்காலத்துக்குள் அடங்கிவிடுகிறது. 1709-ல் பிறந்து 1761-ல் இறந்த ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு கவர்னர்களுக்கு துபாஷியாக இருந்தவர். சுமார் 25 வருஷம் டைரி எழுதியவர். புதுச்சேரியின் வரைபடம் வளர்ந்ததையும் சுருங்கியதையும் பக்கத்தில் இருந்து பார்த்து, தமிழில் எழுதி வைத்தவர்.

முதலில் வரைபடத்தைப் பார்த்துவிடலாம்

இன்றைய புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் மொத்தப் பரப்பு சுமார் 490 சதுர கி.மீ. தான். ஆனால் அது நான்கு இடங்களில் கிடக்கிறது.

புதுச்சேரி: சோழமண்டலக் கடற்கரையில், சங்கராபரணி ஆறு கடலில் சேரும் இடத்தை ஒட்டியது. செஞ்சிப் பக்கம் இருந்து வருவதால் இதற்கு செஞ்சி ஆறு என்றும் பெயர். அந்தக் காலத்தில் இங்கே முக்கியச் சரக்கு துணி.

காரைக்கால்: புதுச்சேரிக்குத் தெற்கே, காவிரி டெல்டாவில் அரசலாறு கடலில் கலக்கும் இடம். இங்கே நெல்.

மாகே: மேற்குக் கடற்கரையில், கேரளாவின் கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் இடையே மய்யழி ஆற்றங்கரையில் இருக்கு. பரப்பு வெறும் 9 சதுர கி.மீ. இங்கே மிளகு.

ஏனாம்: ஆந்திராவில், கோதாவரி கரையில். புதுச்சேரியிலிருந்து 800 கி.மீ.க்கும் மேல். இங்கேயும் துணி வியாபாரம்தான்.

இது தவிர வங்காளத்தில் சந்திரநாகூரும் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. இப்போது அது மேற்கு வங்கத்தில் சேர்ந்துவிட்டது.

கவனித்தால் ஒன்று புரியும். எல்லாமே ஆறு கடலைத் தொடும் இடங்கள், அல்லது ஆற்றுவழியாகக் கடலுக்குப் போகக்கூடிய இடங்கள். எல்லாமே சரக்கு கிடைக்கும் இடங்கள். நாடு பிடிக்கும் திட்டத்தோடு இந்த இடங்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு வியாபாரக் கம்பெனி தனக்குத் தேவையான சரக்கைத் தேடிப்போய் உட்கார்ந்த இடங்கள் இவை.

அந்தக் கம்பெனிதான் 1664-ல் பிரான்சில் தொடங்கப்பட்ட பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனி. பீஜப்பூர் சுல்தானின் சார்பில் இந்தப் பகுதியைக் கவனித்து வந்த ஷேர்கான் லோடி கொடுத்த அனுமதியோடு, 1674-ல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் கடை விரித்தார். 1693-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். இன்று செல்பி எடுக்கும் அந்த நேர்நேரான வீதிகளுக்கு முதலில் திட்டம் போட்டது அவர்கள்தான். 1699-ல் ஊர் மறுபடியும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அடுத்த சில வருஷங்களில் காலாப்பட்டு, உழவர்கரை போன்ற ஊர்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

இந்த நிலையில்தான் பிள்ளையின் குடும்பம் புதுச்சேரிக்கு வருகிறது.

சவுக்கடியில் தொடங்கிய குடும்பக் கதை

ஆனந்தரங்கர் பிறந்தது சென்னை பெரம்பூரில். அப்பா திருவேங்கடம் பிள்ளை வியாபாரி. அவருடைய மைத்துனர் நைனியப்பப் பிள்ளை ஏற்கெனவே புதுச்சேரியில் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்தார். அவர் கூப்பிட்டதால்தான் குடும்பம் புதுச்சேரிக்கு மாறியது.

தலைமைத் தரகர், தலைமை துபாஷி என்றால் என்ன வேலை? துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். ஆனால் வேலை மொழிபெயர்ப்போடு முடியாது. நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுக்க ஆள் பிடிப்பது, துணியின் தரம் பார்ப்பது, கம்பெனிக்குக் கடன் திரட்டுவது, நவாப்புக்குக் கடிதம் எழுதுவது, ஊர் மக்களின் வழக்கைப் பேசித் தீர்ப்பது என எல்லாம் அவர் தலையில். கவர்னருக்கு ஊர் தெரிய வேண்டுமென்றால் துபாஷி வேண்டும். ஊருக்கு கவர்னரிடம் காரியம் ஆக வேண்டுமென்றாலும் துபாஷிதான் வேண்டும்.

அதிகாரம் பெரியது. ஆனால் கவர்னர் மனசு மாறினால் எல்லாம் போச்சு. நைனியப்பருக்கு அதுதான் நடந்தது. 1716-ல் கவர்னர் எபேர் அவரைக் கைது செய்தார். ஏசு சபைப் பாதிரிகளுக்கும் அவருக்கும் ஏற்கெனவே ஆகாது. ஊழல், கலகம் என்று குற்றச்சாட்டு. சொத்து பறிமுதல், எல்லோர் முன்னிலையிலும் சவுக்கடி, சிறை. 1717-ல் சிறையிலேயே இறந்துபோனார்.

குடும்பம் விடவில்லை. மகன் குருவப்பா கப்பலேறி பிரான்சுக்கே போய் நியாயம் கேட்டார். அங்கே கிறிஸ்தவராக மாறினார். அரச குடும்பத்தின் ஆதரவும் செவாலியே பட்டமும் கிடைத்தன. இறந்துபோன நைனியப்பர் மீதான தீர்ப்பு பாரிஸில் ரத்தானது. குருவப்பா ஊர் திரும்பி அப்பாவின் பதவியிலேயே உட்கார்ந்தார். ஆனால் 1724-ல் அவரும் இறந்துவிட்டார்.

நைனியப்பர் கைதானபோது ஆனந்தரங்கருக்கு 7 வயசு. வெள்ளைக்காரர்களின் தயவு எப்படி வரும், எப்படிப் போகும் என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்தாச்சு. அவர் டைரியில் பின்னாளில் தெரியும் எச்சரிக்கைக்கும், யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று துல்லியமாகக் குறித்து வைக்கும் பழக்கத்துக்கும் இந்தப் பின்னணி முக்கியம்.

1736: டைரி தொடங்குகிறது

1726-ல் அப்பாவும் காலமானார். அப்போது ஆனந்தரங்கருக்கு 17 வயசுதான். கவர்னர் லெனுவார் காலத்தில் அவருக்குக் கம்பெனி வேலை கிடைத்தது. பரங்கிப்பேட்டையில் இருந்த பிரெஞ்சுக் கிடங்கைக் கவனித்தார். லாலாப்பேட்டை, ஆற்காடு பக்கம் துணி வாங்கி விற்றார். சாராயக் காய்ச்சும் ஆலை, பாக்கு வியாபாரம் என சொந்தத் தொழிலும் வளர்ந்தது. ஆனந்தப் புரவி என்ற பெயரில் சொந்தக் கப்பலும் வைத்திருந்தார்.

1736 செப்டம்பர் 6-ம் தேதி டைரி எழுத ஆரம்பித்தார். தமிழ் வருஷம், மாதம், கிழமை, ஆங்கிலத் தேதி எல்லாம் போட்டு, அன்றன்று நடந்ததை எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை குண்டு போட்டு மரியாதை செய்தார்கள், யார் வீட்டில் கல்யாணம், என்ன வதந்தி, என்ன விலை, எங்கே புயல் என எல்லாமே இருக்கு. இலக்கிய நடை கிடையாது. அந்தக் காலத்துப் பேச்சுத் தமிழில், கணக்குப் புத்தகம் எழுதுவதுபோல எழுதியிருக்கிறார். அதனால்தான் 18-ம் நூற்றாண்டுத் தமிழ் எப்படிப் பேசப்பட்டது என்று தேடுபவர்களும் இதைப் புரட்டுகிறார்கள்.

தொடங்கிய நேரமும் சரியான நேரம். அதே 1736-ல்தான் கவர்னர் துமா, ஆற்காடு நவாப் தோஸ்த் அலியிடம் ரூபாய் நாணயம் அச்சடிக்கும் உரிமை வாங்கினார். நவாப்பிடம் அனுமதி கேட்டுக் காத்திருந்த கம்பெனி, கொஞ்சம் கொஞ்சமாக அரசாங்கம் மாதிரி மாறத் தொடங்கிய காலம் அது.

காரைக்கால் கைக்கு வந்த விதம்

புதுச்சேரிக்கு ஒரு பெரிய குறை இருந்தது. துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளியே நங்கூரம் போடும். சலங்கு எனப்படும் படகுகளில்தான் அலையைத் தாண்டிச் சரக்கும் ஆளும் கரைக்கு வர முடியும். இன்னொரு குறை, ஊரைச் சுற்றி கம்பெனிக்குச் சொந்தமான வயல் அதிகம் இல்லை. வெளியிலிருந்து அரிசி வராவிட்டால் ஊர் பட்டினிதான்.

அதனால் காவிரி டெல்டாமேல் கம்பெனிக்குக் கண். 1738-ல் தஞ்சாவூரில் மராட்டிய அரச குடும்பத்துக்குள் பதவிச் சண்டை. பணத்தேவையில் இருந்த மன்னர் சாயாஜி, பணத்துக்குப் பதிலாகக் காரைக்காலைத் தருவதாக ஒப்புக்கொண்டார். பதவி உறுதியானதும் பின்வாங்கினார். அந்த நேரத்தில் தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிப், தன் படையை அனுப்பி காரைக்காலைப் பிடித்து பிரெஞ்சுக்காரர்களிடம் கொடுத்தார். 1739-ல் காரைக்கால் அவர்கள் வசமானது.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கணும். ஒரு கம்பெனி, ஒரு நவாப்பின் உறவினர் தயவில், ஒரு மன்னரின் ஊரை வாங்குகிறது. புதுச்சேரி வரைபடம் வளர்ந்த ஃபார்முலா இதுதான்.

அடுத்த வருஷமே தயவு திரும்பிப் பாய்ந்தது. 1740-ல் மராட்டியப் படையோடு நடந்த போரில் தோஸ்த் அலி கொல்லப்பட்டார். அவர் குடும்பத்துப் பெண்கள் புதுச்சேரிக் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். அவர்களை ஒப்படைக்கச் சொல்லி மராட்டியர்கள் மிரட்டியும் துமா மறுத்துவிட்டார். நன்றிக்கடனாக நவாப் குடும்பம் சில ஊர்களைக் கொடுத்தது.

டூப்ளே வந்தார், எல்லாம் மாறியது

1742-ல் கவர்னராக வந்தவர் டூப்ளே. கடற்கரைச் சாலையில் சிலையாக நிற்பவர் இவர்தான். அப்போது தலைமைத் துபாஷி கனகராய முதலி. 1746-ல் அவர் இறந்ததும் பதவிக்குப் போட்டி தொடங்கியது. முதலியின் தம்பியும் களத்தில் இருந்தார். முதலி கிறிஸ்தவர். அடுத்தவரும் கிறிஸ்தவராகத்தான் இருக்கணும் என்று பாதிரிகள் தரப்பில் அழுத்தம். நீண்ட இழுபறிக்குப் பிறகு 1747-ல் பதவி பிள்ளைக்கு வந்தது. நைனியப்பர் உட்கார்ந்து சவுக்கடி பட்டு இறங்கிய அதே நாற்காலி.

அதே நேரத்தில் ஐரோப்பாவில் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர். அது இங்கேயும் வந்தது. 1746 செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுக் கடற்படை சென்னையைப் பிடித்தது. பிள்ளை பிறந்த மண், அவருடைய முதலாளிகளின் கையில். சென்னையை மீட்க நவாப் அன்வருதீன் தன் மகனின் தலைமையில் பெரும் படை அனுப்பினார். அடையாறு பக்கத்தில் சில நூறு பேர் கொண்ட பிரெஞ்சுப் படை அதைச் சிதறடித்தது.

பயிற்சி பெற்ற சிறிய படையால் நவாப்பின் பெரிய படையைத் தோற்கடிக்க முடியும் என்று தெரிந்துவிட்டது. இனி நவாப்பிடம் ஊர் கேட்டுக் கெஞ்ச வேண்டாம். நவாப்பையே நாம் உருவாக்கலாம் என்ற எண்ணம் டூப்ளேவுக்கு வந்தது.

கோயில் இடிக்கப்பட்ட மாதம்

1748 ஆகஸ்டில் ஆங்கிலேயர்கள் பதிலடிக்கு வந்தார்கள். அட்மிரல் போஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். அரியாங்குப்பம் கோட்டையில் வெடிமருந்து வெடித்து, அந்தக் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஊர் மீது குண்டு விழுந்தது. மழைக்காலம் நெருங்கியதால் அக்டோபரில் முற்றுகையை விட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த முற்றுகை நடுவில், செப்டம்பர் மாதம், ஊருக்குள் இன்னொரு சம்பவம். ஏசு சபைத் தேவாலயத்தை ஒட்டி இருந்த வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. அந்தக் கோயிலை அகற்ற வேண்டும் என்பது பாதிரிகளின் பல வருஷக் கோரிக்கை. முந்தைய கவர்னர்கள் ஊர் காலியாகிவிடும் என்று பயந்து தள்ளிப்போட்டார்கள். போர்ச் சூழல் அந்தப் பயத்தை இல்லாமல் செய்தது. டூப்ளேவின் மனைவி ழானுக்கு இதில் பெரிய பங்கு என்பது பிள்ளையின் டைரி தரும் சித்திரம்.

மக்கள் யாரிடம் ஓடினார்கள்? தலைமைத் துபாஷியிடம்தான். ஆனால் அவரால் தடுக்க முடியவில்லை. ஊரில் மிகப் பெரிய தமிழர், கவர்னர் மதிக்கும் மனிதர், சொந்தக் கப்பல் வைத்திருப்பவர். அப்படிப்பட்டவருக்கும் எல்லை எதுவரை என்று அந்த மாதம் காட்டிவிட்டது. அவர் இன்னும் துணிந்து நின்றிருக்கலாமா, நின்றிருந்தால் நைனியப்பர் கதி வந்திருக்குமா என்ற கேள்வி இன்றும் பேசப்படுகிறது. கோயில் பின்னர் வேறு இடத்தில் எழுந்தது. இன்று காந்தி வீதிப் பக்கம் இருப்பது அந்த வேதபுரீஸ்வரர்தான்.

வில்லியனூர், பாகூர் சேர்ந்தது எப்படி?

சமாதான ஒப்பந்தத்தின்படி 1749-ல் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பிப் போனது. ஆனால் டூப்ளே சும்மா இருக்கவில்லை. சந்தா சாகிப்பை ஆற்காடு நவாப் ஆக்க உதவினார். 1749 ஆகஸ்ட் 3-ம் தேதி ஆம்பூர் போரில் அன்வருதீன் கொல்லப்பட்டார். சந்தா சாகிப் நவாப் ஆனார். நன்றிக்கு அவர் கொடுத்தவைதான் வில்லியனூரும் பாகூரும் அவற்றைச் சுற்றிய கிராமங்களும்.

இந்த இரண்டு ஊரும் ஏன் முக்கியம்? ஏரிப் பாசனம், நெல் வயல், நில வரி. இன்றும் பாகூர் பகுதியைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று சொல்வார்கள். ஊருக்குச் சோறும் கம்பெனிக்கு வருமானமும் இங்கிருந்து வந்தன. பாகூர் அருகே 1752-ல் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் மோதினார்கள். அதில் ஜெயித்தது ஆங்கிலேயர்.

துண்டு துண்டு எல்லையின் ரகசியம் இங்கேதான் இருக்கு. நவாப் கொடுத்தது கோடு போட்ட நிலப்பரப்பு இல்லை. கிராமங்களின் பட்டியல். இந்தக் கிராமத்தின் வரியை நீ வசூலித்துக்கொள் என்ற உரிமை. பட்டியலில் இருந்த கிராமம் பிரெஞ்சுக்கு. பட்டியலில் இல்லாத பக்கத்துக் கிராமம் நவாப்புக்கே. பின்னாளில் நவாப்பின் கிராமங்கள் ஆங்கிலேயர் வசம் போயின. பிரெஞ்சுக் கிராமங்கள் பிரெஞ்சிடமே இருந்தன. அதனால்தான் நடுவில் ஒரு ஊர் தமிழ்நாடு, அடுத்த ஊர் புதுச்சேரி. புதுச்சேரி மாவட்டம் மட்டுமே இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக இருக்கு.

உச்சியில் பிள்ளை

1750 டிசம்பரில் ஹைதராபாத் நிஜாம் நாசிர் ஜங் செஞ்சி அருகே கொல்லப்பட்டார். டூப்ளேவின் ஆதரவு பெற்ற முசாபர் ஜங் புதிய நிஜாம் ஆனார். புதுச்சேரியில் பெரிய கொண்டாட்டம். மசூலிப்பட்டினம், ஏனாம் பகுதிகளில் பிரெஞ்சுக்காரர்களுக்குப் புதிய உரிமைகள் கிடைத்தன. ஆனந்தரங்கப் பிள்ளைக்கு 3,000 குதிரைகளுக்கான மன்சப்தார் பட்டமும், செங்கல்பட்டுக் கோட்டைப் பொறுப்பும், ஜாகீரும் கிடைத்தன.

வியாபாரி வீட்டுப் பையன் இப்போது பல்லக்கில் போகிறார். தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதப் புலவர்கள் அவரைப் பாடினார்கள். தியாகராய தேசிகர் எழுதிய ஆனந்தரங்கன் கோவை அதில் ஒன்று.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், பெரிய மார்க்கெட்டை ஒட்டி இருக்கும் அவர் வீடு இதற்குச் சாட்சி. 1738 வாக்கில் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த மாளிகையின் கீழ்த்தளத்தில் தமிழ் வீட்டு மரத் தூண்கள். மேல்தளத்தில் பிரெஞ்சு பாணித் தூண்கள். இரண்டு உலகத்துக்கு நடுவில் வாழ்ந்தவரின் வீடு அப்படித்தானே இருக்கும்.

எல்லாவற்றையும் பாராட்டிவிட முடியுமா? முடியாது. டைரியில் போட்டியாளர்கள்மீது பொறாமையும், சாதி மேட்டிமையும், கிறிஸ்தவர்கள்மீது கோபமும் அப்படியே தெரியும். தன் ஜாதகத்தையும் அதிர்ஷ்டத்தையும் பெருமையாகப் பேசுவார். இந்தக் கரையிலிருந்து மொரிஷியஸ், ரீயூனியன் தீவுகளுக்கு மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட காலம் அது. ஆட்களைக் கடத்தி விற்ற கும்பல் பற்றிய விவரமும் டைரியில் இருக்கு. கம்பெனி ஆட்சியில் லாபம் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் மறைக்காமல் எழுதியதால்தான் அவரை இன்று நம்மால் விமர்சிக்கவும் முடிகிறது.

சரிவு

முசாபர் ஜங் 1751 தொடக்கத்திலேயே கொல்லப்பட்டார். சந்தா சாகிப் 1752-ல் கொல்லப்பட்டார். ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலி நவாப் ஆனார். போரில் பணம் கரைவதைப் பார்த்த பாரிஸ், 1754-ல் டூப்ளேவைத் திரும்ப அழைத்தது. அவருடைய கடைசிக் காலம் கடனில் கழிந்தது. 1763-ல் இறந்தார்.

பாதுகாப்பாக இருந்த கவர்னர் போனதும் பிள்ளையின் பிடியும் தளர்ந்தது. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. கவர்னர் லெரி காலத்தில், 1756-ல் பதவி பறிபோனது. ஆனால் டைரியை மட்டும் அவர் விடவில்லை.

1758-ல் லாலி பெரிய படையோடு வந்தார். சென்னையை முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. 1760 ஜனவரியில் வந்தவாசிப் போரில் லாலி தோற்றார். ஆங்கிலேயர் ஒவ்வொரு ஊராகப் பிடித்துக்கொண்டே வந்து புதுச்சேரியைச் சுற்றி வளைத்தார்கள். வில்லியனூர், பாகூர், காரைக்கால் எல்லாம் கையை விட்டுப் போனதும், எதற்காக அந்த ஊர்களை வாங்கினார்களோ அது புரிந்தது. ஊருக்குள் சோறு இல்லை. 1761 புத்தாண்டு அன்று அடித்த புயலில் ஆங்கிலேயக் கப்பல்கள் மூழ்கியும் முற்றுகை தளரவில்லை.

1761 ஜனவரி 12-ம் தேதி ஆனந்தரங்கப் பிள்ளை காலமானார். வயசு 51. அடுத்த நான்கு நாளில் புதுச்சேரி சரணடைந்தது. ஆங்கிலேயர்கள் கோட்டையையும் பிரெஞ்சுக்காரர்களின் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 25 வருஷம் அவர் எழுதிவந்த நகரம், அவர் போன சில மாதங்களிலேயே கல்லும் மண்ணுமாகக் கிடந்தது.

அப்புறம் வரைபடம் என்ன ஆச்சு?

1763 பாரிஸ் ஒப்பந்தப்படி ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பியது. 1765 முதல் பழைய வீதித் திட்டத்தின் மேலேயே மறுபடியும் கட்டினார்கள். அதன் பிறகும் ஆங்கிலேயர் பிடிப்பதும் திருப்பிக் கொடுப்பதுமாக ஊர் கை மாறியது. 1783 வெர்சாய் ஒப்பந்தத்தில் வில்லியனூரும் பாகூரும் புதுச்சேரியைச் சேர்ந்தவை என்று எழுதியே வாங்கினார்கள். பிள்ளை காலத்தில் நன்றிக்குக் கிடைத்த கிராமப் பட்டியல், ஐரோப்பாவில் போட்ட ஒப்பந்தத்தால் நிரந்தரம் ஆனது. 1816-க்குப் பிறகு பிரெஞ்சு ஆட்சி தொடர்ச்சியாக நிலைத்தது.

சுதந்திர இந்தியா வந்ததும் இந்தத் துண்டுகள் நடுவே சுங்கச் சாவடிகள் முளைத்தன. 1954 அக்டோபர் 18-ம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவு. நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல் முடிந்தது. 1963-ல் யூனியன் பிரதேசம் ஆனது. மக்கள் விருப்பத்தைக் கேட்காமல் இந்தப் பகுதிகளின் அமைப்பை மாற்றக் கூடாது என்பது பிரான்சோடு செய்த ஒப்பந்தத்திலேயே உண்டு. அதனால்தான் காரைக்கால் தமிழ்நாட்டோடும், மாகே கேரளாவோடும், ஏனாம் ஆந்திராவோடும் சேரவில்லை. இன்று சட்டமன்றத்தின் 30 தொகுதிகளில் புதுச்சேரிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாகேவுக்கு 1, ஏனாமுக்கு 1.

டைரி எப்படிக் கிடைத்தது?

பிள்ளை இறந்த பிறகு அவர் குடும்பத்தில் டைரி எழுதும் பழக்கம் கொஞ்ச காலம் தொடர்ந்தது. பிறகு நோட்டுகள் வீட்டிலேயே கிடந்தன. 1846-ல் கலுவா மொம்ப்ரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி அவற்றைக் கண்டுபிடித்துப் பிரதி எடுத்தார். ஒரு பிரதி பாரிஸுக்கும் போனது. 1904 முதல் 1928 வரை சென்னையில் ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாக வெளியானது. தமிழிலும் பிறகு தொகுதிகள் வந்தன. இந்த டைரியை அடிப்படையாக வைத்து பிரபஞ்சன் எழுதிய மானுடம் வெல்லும், வானம் வசப்படும் நாவல்களை நிறையப் பேர் படித்திருப்பீர்கள். வானம் வசப்படும் நாவலுக்கு 1995-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது.

டூப்ளே போட்ட கணக்கு தப்பாகிப் போனது. பிள்ளைக்குக் கிடைத்த செங்கல்பட்டு ஜாகீர் நிலைக்கவில்லை. மன்சப்தார் பட்டத்துக்கு இன்று அர்த்தமே இல்லை. மிஞ்சியவை இரண்டுதான். ஒன்று, எல்லைக்கு எல்லை போர்டு மாறும் அந்த வரைபடம். இன்னொன்று, அது எப்படி உருவானது என்று சொல்லும் நோட்டுகள்.

அடுத்த முறை புதுச்சேரி போனால், பெரிய மார்க்கெட் கூட்டத்தைத் தாண்டி ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் கொஞ்சம் நடந்து பாருங்கள். அந்த வீடு அங்கேதான் நிற்கிறது.